பவளத் தொட்டியில் கால்சியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன் நான். மீன் நான்குதான்; மற்றதெல்லாம் பவளம். வீட்டுக்கு வருகிறவர்கள் மீனைப் பற்றிக் கேட்பார்கள். தாங்களும் பவளம் வளர்க்கத் தொடங்கியவர்கள் கால்சியத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஒரே பதிலைத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் 200 லிட்டர் தண்ணீருக்கு. உங்கள் தொட்டி வேறு அளவென்றால் விகிதப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கல்லும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துவிட்டு, உள்ளே உண்மையில் இருக்கும் தண்ணீரை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும்?

லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு உள்ள இயற்கைக் கடல்நீரில் இது சுமார் 412 மில்லிகிராம். கூடவே காரத்தன்மை 7 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு; காரத்தன்மை என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்), மக்னீசியம் 1,250 முதல் 1,350 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 410க்கும் 440க்கும் உள்ள வித்தியாசத்தைப் பவளம் பொருட்படுத்துவதில்லை. நாம்தான் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்.

பவளம் கால்சியத்தை என்ன செய்கிறது?

வீடு கட்டுகிறது. கடினப் பவளத்தின் எலும்புக்கூடு அரகோனைட் என்ற படிகவடிவில் உள்ள கால்சியம் கார்பனேட். பவள உயிரி தன் சதைக்கும் பழைய எலும்புக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்றை வைத்திருக்கிறது. அதற்குள் கால்சியத்தை இறைத்து, அங்கிருந்து அமிலத்தை வெளியேற்றுகிறது. அமிலம் குறைந்ததும் கார்பனேட் கால்சியத்துடன் சேர்ந்து படிகமாகிறது. இந்த இறைப்புக்குச் சக்தி வேண்டும். சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவுதான் அதற்கு எரிபொருள். அதனால் பவளம் இரவைவிடப் பகலில் வேகமாகக் கட்டுகிறது.

தொட்டியில் இந்த வேலையைச் செய்வது பவளம் மட்டுமல்ல. கண்ணாடியிலும் கல்லிலும் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப்பாசி, நத்தைகள், டிரிடாக்னா சிப்பிகள் எல்லாமே கால்சியத்தில் பங்குக்கு வரும்.

கால்சியம் 420 இருக்கிறது. இருந்தும் பவளம் வளரவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் நீங்கள் தவறான எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பவளம் கால்சியத்தை மட்டும் எடுப்பதில்லை. கார்பனேட்டையும் சேர்த்தே எடுக்கிறது. தண்ணீரில் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் எவ்வளவு கையிருப்பு என்பதைச் சொல்லும் அளவுதான் காரத்தன்மை. இரண்டும் நிலையான விகிதத்தில் செலவாகின்றன. காரத்தன்மை 1 டிகேஎச் குறைந்தால் கால்சியம் சுமார் 7 மில்லிகிராம் குறையும். இப்போது கையிருப்பைப் பாருங்கள். நாளொன்றுக்கு 1 டிகேஎச் செலவாகும் தொட்டியில் கால்சியம் 420, காரத்தன்மை 8 என்று வைத்துக்கொள்வோம். எதையும் சேர்க்காமல் விட்டால், அதே வேகத்தில் காரத்தன்மை எட்டே நாளில் தீர்ந்துபோகும். அந்த எட்டாம் நாளில் கால்சியம் எவ்வளவு? இன்னும் 360க்கு மேல்! உண்மையில் அவ்வளவு தூரம் போவதற்குள் பவளம் வேலையை நிறுத்திவிடும் என்பது வேறு விஷயம்.

கால்சியம் குதிரில் இருக்கும் நெல். காரத்தன்மை அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மிளகு. குதிருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாம் நிறைவாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. நான் காரத்தன்மையை வாரத்துக்கு இரண்டு முறை அளக்கிறேன். கால்சியத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மக்னீசியத்தை மாதம் ஒரு முறை. புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே ஒரு சோதனைப் பெட்டிதான் வாங்க முடியும் என்றால், காரத்தன்மைப் பெட்டியை வாங்கச் சொல்வேன். கால்சியம் பற்றிய பக்கத்தில் இப்படி எழுதுவது விந்தையாக இருக்கலாம். ஆனால் அதுதான் உண்மை.

காரத்தன்மையும் சரியாக இருந்தும் வளர்ச்சி இல்லையென்றால் பாஸ்பேட்டைப் பாருங்கள். பாஸ்பேட் மிகுந்தால் வளரும் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தைத் தடுக்கும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. அதற்கப்புறம்தான் விளக்கு, நீரோட்டம்.

என் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேர்ப்பதை இரண்டு நாள் நிறுத்துங்கள். முதல் நாள் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் காரத்தன்மையை அளந்து எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளங்கள். 8.6 இருந்தது 7.2 ஆகியிருந்தால், நாளொன்றுக்கு 0.7 டிகேஎச் செலவு. கால்சியம் செலவு அதை 7ஆல் பெருக்கினால் கிடைத்துவிடும்: சுமார் 5 மில்லிகிராம். 200 லிட்டருக்குக் கணக்கிட்டால் நாளுக்கு 1 கிராம் கால்சியம். கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கிராம் தினமும் வெளியிலிருந்து வர வேண்டும்.

கால்சியத்தையே நேரடியாக அளந்து இந்தக் கணக்கைப் போடலாமே என்பார்கள். வீட்டுச் சோதனைப் பெட்டிகளில் 10, 15 மில்லிகிராம் முன்பின் வருவது சாதாரணம். இரண்டு நாளில் குறைவதே 10தான். அதை வைத்து என்ன கணக்கு போடுவது?

பவளம் வளர வளரச் செலவும் கூடும். ஆறு மாதத்துக்கு முன் போட்ட கணக்கு இன்றைக்கு ஆகாது.

சோதனையில் 340 வந்தது. உடனே கால்சியம் சேர்க்கலாமா?

வேண்டாம். முதலில் உப்புத்தன்மையைப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கால்சியம் 340 என்று காட்டியது. பதறிப்போய் நான்கைந்து நாள் கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றி 430க்குக் கொண்டுவந்தேன். வெற்றி என்று நினைத்தேன். அப்புறம் நண்பர் ஒருவர் உப்புத்தன்மையை அளக்கும் தன்னுடைய ஒளிவிலகல்மானியைக் கொண்டுவந்து பார்த்தால், என் தொட்டியின் உப்புத்தன்மை 35 அல்ல, 29. என் கருவி பல மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கடல்நீரில் எல்லாத் தாதுக்களும் உப்புத்தன்மையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 29 பங்கு உப்பு உள்ள நீரில் கால்சியம் 340 இருப்பதுதான் இயல்பு. உப்புத்தன்மையை 35க்கு ஏற்றியபோது, நான் ஊற்றியதும் சேர்ந்து கால்சியம் 500 ஆனது.

கருவியை வெறும் நன்னீரில் சுழியம் வைத்தால் போதாது. 35 பங்கு உப்புள்ள அளவீட்டுத் திரவம் கடையில் கிடைக்கும். அதை வைத்துச் சரிபாருங்கள். அடுத்து, சோதனைப் பெட்டியின் காலாவதித் தேதி. அதற்கும் அடுத்து, இன்னொரு முறை சோதனை. மூன்றும் சரியென்றால் மட்டும் கால்சியத்தைத் தொடுங்கள். அப்போதும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

500 ஆகிவிட்டால் ஆபத்தா?

இல்லை. கால்சியம் சேர்ப்பதை நிறுத்திவிட்டுக் காரத்தன்மையை மட்டும் சேர்த்து வாருங்கள். பவளமே கால்சியத்தைத் தின்று இறக்கிவிடும். எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது.

வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். அது போதாதா?

தோல்பவளம், காளான்பவளம் போன்ற மென்பவளங்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் போதும். கடினப் பவளம் நாலைந்து பிடித்து வளர்ந்துவிட்டால் போதாது. உங்கள் தொட்டி 400, புதுநீர் 430 என்றால், பத்தில் ஒரு பங்கு மாற்றுவதால் கிடைப்பது 3 மில்லிகிராம். மேலே பார்த்த தொட்டிக்கு அது ஒரு நாள் செலவுக்கே காணாது. ஆனால் செலவு வாரத்தில் ஏழு நாளும் இருக்கிறது.

சுண்ணாம்புத் தெளிநீர் முறை என்பது என்ன?

எனக்குப் பிடித்த முறை, மலிவான முறையும் கூட. ஜெர்மனியில் பரவியதால் உலகம் முழுக்க இதைக் கால்க்வாசர் என்ற ஜெர்மன் பெயரிலேயே சொல்கிறார்கள். நமக்கு அந்தப் பெயர் தேவையில்லை. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை எடுப்பது நம் வீடுகளில் புதிதல்ல.

ஒரு லிட்டர் தூய நீரில் சுமார் ஒன்றரை கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் கரையும். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். சர்க்கரை சுடுநீரில் அதிகம் கரையும். சுண்ணாம்பு தலைகீழ், தண்ணீர் சூடாக ஆகக் குறைவாகவே கரையும். முழுதும் கரைந்த தெளிநீர் ஒரு லிட்டரை 200 லிட்டர் தொட்டியில் சேர்த்தால் கால்சியம் 4 மில்லிகிராமும் காரத்தன்மை 0.57 டிகேஎச்சும் ஏறும். பவளம் எந்த விகிதத்தில் எடுக்கிறதோ அதே விகிதத்தில் இரண்டும் வருவதுதான் இதன் அழகு. நாளுக்கு 0.7 டிகேஎச் செலவழிக்கும் தொட்டிக்கு ஒன்றேகால் லிட்டர் போதும். ஆவியாகிப்போகும் நீரை ஈடுகட்ட எப்படியும் தினமும் நன்னீர் ஊற்றத்தான் வேண்டும். அந்த நன்னீருக்குப் பதிலாக இதை விடுங்கள்.

இங்கேதான் அதன் எல்லையும் இருக்கிறது. ஆவியாகும் அளவுக்கு மேல் ஊற்ற முடியாது. தினமும் ஒரு லிட்டர்தான் ஆவியாகிறது, பவளமோ 2 லிட்டர் தெளிநீருக்கான பசியோடு இருக்கிறது என்றால், மீதிக்கு வேறு வழி தேட வேண்டும்.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இதன் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 12க்கு மேல். ஒரேயடியாக ஊற்றினால் தொட்டியே காலி. சொட்டுச் சொட்டாக, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில், முடிந்தால் இரவில் விடுங்கள். இரவில் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்யாததால் தொட்டியின் பி.எச். தானாகவே இறங்கும், அதை இது தாங்கிப் பிடிக்கும். கலக்கும் பாத்திரத்தை மூடி வையுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேலே ஏடு கட்டும். அந்த ஏடு வீணாய்ப்போன கால்சியம். தூளைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாமா?

அடிப்படையில் இரண்டும் ஒரே பொருள்தான். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினால் கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடே. ஆனாலும் கடையில் டப்பாவில் வரும் பசைச் சுண்ணாம்பில் வாசனையும் நிறமும் சேர்ந்திருக்கலாம். காற்றுப்பட்டு ஒரு பகுதி மீண்டும் கார்பனேட்டாகியிருக்கும். எவ்வளவு என்று தெரியாது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் இன்னும் என்னென்னவோ இருக்கும். உணவுத்தரமுள்ள உலர்ந்த தூள் கிலோக்கணக்கில் கிடைக்கிறது. ஒரு கிலோ பல மாதம் வரும்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவிலும் இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் அதன் பிறகு கடலுக்கடியில் போய்விட்டன. இங்கே நான் சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நீளப் பவளத்தை வருடக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு கரைசல் முறை?

ஒரு குப்பியில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட் அல்லது சோடியம் கார்பனேட். ஆவியாகும் நீரின் எல்லை இதற்கு இல்லை. நேரம் வைத்து ஓடும் சின்ன பம்புகள் இருந்தால் வேலையும் மிச்சம்.

கணக்கு இது. 200 லிட்டரில் காரத்தன்மையை 1 டிகேஎச் ஏற்ற 6 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். அது வேறெதுவும் இல்லை, ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடாதான்; பேக்கிங் பவுடர் அல்ல, அதில் வேறு பொருள்கள் சேர்ந்திருக்கும். அதற்கு ஈடாக லிட்டருக்கு 7 மில்லிகிராம் கால்சியம் ஏற்ற, படிக நீருடன் உள்ள டைஹைட்ரேட் கால்சியம் குளோரைடு சுமார் 5 கிராம். படிக நீர் இல்லாத வகை என்றால் 4 கிராம். வாங்கும் பொட்டலத்தில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் இதில்தான் தவறுகிறார்கள்.

இரண்டு குப்பியையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள். தண்ணீரில் கலப்பதற்கு முன்பே ஒன்றையொன்று சந்தித்தால் சுண்ணாம்புப் பொடியாகி விழும். ஒன்றை ஊற்றி அரைமணி கழித்து, வேறு இடத்தில் மற்றதை ஊற்றுங்கள். இன்னொன்று: பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது சோடியமும் குளோரைடும், அதாவது சாதாரண உப்பு. நாளாவட்டத்தில் உப்புத்தன்மை மெல்ல ஏறும். பல்லிங் முறை என்று ஹான்ஸ் வெர்னர் பல்லிங் பெயரில் வழங்கும் முறையில் மூன்றாவதாக, சோடியம் குளோரைடு நீக்கிய தாது உப்பு ஒன்றைச் சேர்ப்பது சோடியமும் குளோரைடும் மட்டும் மிகும் ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டத்தான்.

கால்சியம் ரியாக்டர் வாங்கலாமா?

200 லிட்டருக்கு வேண்டாம். பவளச் சரளை நிறைந்த குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, பி.எச்.சை 6.5 அளவுக்கு இறக்கிச் சரளையைக் கரைக்கும் கருவி அது. பெரிய தொட்டிகளுக்கு அருமையானது. சிறியவற்றுக்குச் செலவும் பராமரிப்பும் அதிகம், தொட்டியின் பி.எச்.சையும் கொஞ்சம் இழுத்துவிடும்.

அப்படியானால் தொட்டியிலேயே பவளச் சரளையோ முட்டை ஓடோ போட்டால் கரையாதா? கால்சியம் மாத்திரை?

ரியாக்டருக்குள் அமிலம் இருப்பதால்தான் சரளை கரைகிறது. தொட்டியின் பி.எச். 8. அங்கே முட்டை ஓடு, கிளிஞ்சல், கணவாய் ஓடு எதுவும் குறிப்பிடும்படியாகக் கரையாது. கடலே ஏற்கெனவே கால்சியம் கார்பனேட் மிகைநிறைவுள்ள நீர், அதாவது கரையக்கூடிய அளவுக்கு மேலேயே கரைந்திருக்கிறது. கரையுமென்றால் கடலில் சங்கு எப்படிக் கிடக்கும்? மாத்திரையில் வைட்டமினும் ஒட்டுப்பொருளும் இருக்கும். அதை நீங்களே சாப்பிடுங்கள்.

எதைச் செய்தாலும் கால்சியமும் காரத்தன்மையும் ஒருசேர ஏறவே மாட்டேன் என்கின்றன.

மக்னீசியத்தை அளந்து பாருங்கள். மிகைநிறைவுள்ள கடல்நீரில் சுண்ணாம்பு தானாகப் படியாமல் இருப்பதற்கு மக்னீசியம் முக்கியக் காரணம். உருவாகத் தொடங்கும் படிகத்தின் மேல் அது புகுந்து, மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கிறது. 1,200க்குக் கீழே போனால் காவல் தளர்ந்துவிடும். நீங்கள் ஊற்றுவது பவளத்துக்குப் போகாமல் ஹீட்டர் மேலும் பம்பிலும் வெள்ளையாகப் படியும். முதலில் மக்னீசியத்தை ஏற்றுங்கள். மற்ற இரண்டும் பிறகு சொன்னபடி கேட்கும். படிந்ததைப் போக்கக் கருவிகளைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள்.

ஊற்றியதும் தொட்டி முழுக்கப் பால்போல் வெளுத்துவிட்டது!

சுண்ணாம்பு படிந்துவிட்டது. பவளம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால். சேர்ப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பம்புகள் ஓடட்டும். தெளிந்தபின் மூன்று எண்களையும் அளங்கள். காரத்தன்மை கணிசமாக இறங்கியிருக்கும். அதை அன்றே மீட்டுவிடப் பார்த்தால் அடுத்த வெள்ளை மழை. கொஞ்சம் தண்ணீர் மாற்றி, நாளுக்கு அரை டிகேஎச்சாக ஏற்றுங்கள்.

எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியம் நிறையவே இருக்கிறது. அதை ஊற்றினால் என்ன?

கால்சியத்தோடு நைட்ரேட், சிலிகேட், சில இடங்களில் செம்பு எல்லாம் வரும். எந்த மாதம் எவ்வளவு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆர்.ஓ. கருவியும் அயனி நீக்கியும் கடந்த நீரே நல்லது. கடற்கரையிலிருந்து நீர் எடுத்து வருகிறவர்கள், மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து வங்கக் கடலோரத்தில் உப்புத்தன்மை இறங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். உப்பு இறங்கினால் கால்சியமும் இறங்கியிருக்கும்.

குளிர்சாதன அறையில் தொட்டி வைத்தால் வளர்ச்சி குறையுமா?

குளிரால் அல்ல, மூடிய கதவால் குறையலாம். நாலு பேர் தூங்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு சேரும். அது தண்ணீரில் கரைந்து பி.எச்.சை 7.8, 7.7 என்று இறக்கும். பி.எச். இறங்கினால் பவளம் அமிலத்தை வெளியேற்றச் சிரமப்படும். எங்கள் வீட்டில் ஸ்கிம்மரின் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டியபின் பி.எச். 0.15 ஏறியது. செலவு, இரண்டு மீட்டர் ரப்பர் குழாய்.

இந்தியாவில் கடினப் பவளம் வளர்க்கலாமா?

இந்தியக் கடலிலிருந்து எடுத்தது என்றால் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் 2001ஆம் ஆண்டிலிருந்து உள்ளன. புலிக்கும் அதே அட்டவணைதான். இறந்த துண்டை வைத்திருப்பதும் குற்றமாகும். வெளிநாட்டிலிருந்து வருவதற்கு, கடினப் பவளங்கள் எல்லாம் அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், உரிய ஆவணங்கள் வேண்டும். கடைக்காரர் "எல்லாரும் வைத்திருக்கிறார்கள், சார்" என்று சொன்னால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போகிறேன். தொட்டியை என்ன செய்வது?

கிளம்புவதற்கு முதல் நாள் எதையும் புதிதாக மாற்றாதீர்கள். புது பம்பு, புது அளவு, புது உப்பு எதுவும் வேண்டாம். தானியங்கி பம்பு இருந்தால், ஒரு குப்பியில் பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால், பம்பு பழுதாகி நிற்காமல் ஓடும் நாளில் முழுக் குப்பியும் உள்ளே போகும். பம்பு இல்லையென்றால் பக்கத்து வீட்டாரிடம் தினமும் நன்னீர் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். சுண்ணாம்பு நீரை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அன்பு மிகுந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுவார்கள். பத்து நாளில் காரத்தன்மை கணிசமாக இறங்கியிருக்கும். திரும்பி வந்து மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.